பக்கம் நாற்பத்தொன்றில் விட்டுப்போன வரி

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போனில் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. பேசியது மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

நான் கதாசிரியன் இல்லை. வண்டிகளுக்குப் பராமரிப்புக் கையேடு எழுதுகிறவன். வண்டி வாங்கும்போது கூடவே ஒரு தடித்த புத்தகம் தருவார்களே, நீங்களும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் எங்கேயோ செருகி வைப்பீர்களே, அதை ஒருவன் உட்கார்ந்து எழுதுகிறான் ஐயா. அந்த ஒருவன் நான். கடைசிப் பக்கத்தில் ‘சந்தேகங்களுக்கு’ என்று ஓர் எண் போட்டிருக்கும். அது என் மேசைமேல் இருக்கும் போனின் எண். ஒன்பது வருடத்தில் பத்துப் பதினைந்து முறை அடித்திருக்கும். அதில் பாதி ராங் நம்பர். அதனால் அன்றைக்கு அது அடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"சார், ஏ.டி.வி. புத்தகம் போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"ஒரே ஒரு சந்தேகம். முன் பிரேக்ல ஏர் எடுக்கிற நிப்பிள் இருக்குல்ல, அது மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?"

"மேலதான்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"உங்க புத்தகத்துல அப்படிப் போடலையே சார்," என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எட்டு மாசமா எங்கக்கா மேல பழியப் போட்டுட்டு இருக்கேன் சார். பிரேக்கே பிடிக்கல நீன்னு. நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன்."

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். [என்ன பதில் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். எனக்கே சொல்லக் கூசுகிறது. ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.]

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "யாருடா போன்ல? எவ்வளவு நேரம் இதைப் பிடிச்சிட்டே உக்காந்திருக்கிறது?"

போன் கட்டாகிவிட்டது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை. இனி வருவது எல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கத்துக்காக மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

முதல் முயற்சி: ‘மழை விட்டிருந்தது. மலைச்சரிவெங்கும் ஈர மண்ணின் —’

வேண்டாம். அந்த இரண்டு நிமிடத்தில் மழைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கதை என்றதும் ஏன் எல்லோருக்கும் மழை பெய்துவிடுகிறது?

இரண்டாம் முயற்சி: ‘எச்சரிக்கை: இவ்வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்கவும்.’

இது தொழில் புத்தி. பாதுகாப்பான தொடக்கம்தான், ஆனால் யார் படிப்பார்கள்?

மூன்றாம் முயற்சி: ‘அக்கா வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அக்கா வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அதில் உட்காருகிறாள்.

ஓட்டுவதற்காக அல்ல. நாற்றுப்பண்ணையின் ஷெட்டுக்குள், முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்திருக்கிற வண்டி அது. ஏ.டி.வி. என்றால் மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார், மாட்டு வயிறு மாதிரி நாலு டயர். மேட்டிலும் சேற்றிலும் போகும். சரிவின் உச்சியில் இருக்கும் நிழல்வலைக் கூடாரத்துக்கு நாற்றுத் தட்டுகளை ஏற்றிப்போக அக்காவும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. இப்போது தம்பி மட்டும்தான் ஓட்டுகிறான். அக்கா இரண்டு கையிலும் இரண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறுகிறாள், நடந்தே இறங்குகிறாள்.

"ஏர் எடுக்கணும்க்கா," என்றான் தம்பி. "ஆயிலும் கறுத்துப்போச்சு. தனியா முடியல. நீ லிவரை மட்டும் பிடி, போதும்."

"வேற ஆள் கிடைக்கலையா உனக்கு?"

"நீ இருக்கும்போது வேற ஆள் எதுக்கு?"

"நான் பிடிச்சா அது பிடிக்குமான்னு கேட்டுக்கோ," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தம்பி குனிந்து ஸ்பேனரைத் தேடினான். ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது.

[பண்ணை நான் வைத்தது. போனில் அவன் என்ன தொழில் செய்கிறான் என்று சொல்லவில்லை. அக்காவை ஏதாவது ஒரு வேலையில் வைத்தாகவேண்டுமே.]

4

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். தாண்டிப் போவது எவ்வளவு ஆபத்து என்று பின்னால் தெரியும்.

ஹேண்டிலில் இருக்கும் லிவரை அழுத்தினால், மேலே ஒரு சின்ன டப்பாவில் இருக்கும் ஆயில் மெல்லிய குழாய் வழியாக இறங்கி, சக்கரத்தில் இருக்கும் கேலிப்பர் என்ற இடுக்கியை அழுத்தும். கேலிப்பர் சக்கரத்தின் தட்டைக் கவ்வும். வண்டி நிற்கும். ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் இந்த வித்தை பலிக்கிறது. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் கதை கந்தல். காற்றை அமுக்கலாம், உங்கள் கை பலம் அத்தனையையும் அதுவே வாங்கிக்கொள்ளும். லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் கேலிப்பரில் நிப்பிள் என்று ஒரு குட்டித் திருகு. ஒருவர் லிவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அதைக் கால் சுற்று திறக்கவேண்டும். ஆயிலோடு காற்றும் குமிழ் குமிழாக வரும். திருகை மூடியபிறகுதான் லிவரை விடவேண்டும். முன்னாலேயே விட்டால் வெளிக்காற்று உள்ளே ஏறி, செய்ததெல்லாம் வீண்.

ஆகவே இது பேசிக்கொண்டே செய்யவேண்டிய வேலை. பேச்சு தேவைக்கு மேல் இல்லாமல் போன இரண்டு பேருக்கு இதைவிடச் சங்கடமான வேலை கிடையாது.

"அழுத்து."

அக்கா மூன்று தடவை அழுத்தி, நாலாவதில் பிடித்தாள். "பிடிச்சாச்சு."

"திறக்கிறேன்."

"இறங்குது... இறங்குது. ஹேண்டிலோட ஒட்டிடுச்சு."

"மூடியாச்சு. விடு."

அவள் விடவில்லை.

"மூடிட்டேன்க்கா, விடு."

"நல்லா மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

"பார்த்துச் சொல்லு. அப்புறம் நான் அவசரப்பட்டு விட்டுட்டேன்னு சொல்லுவ."

[இந்த இடம் கொஞ்சம் அதிகமோ என்று ஒரு சந்தேகம். இரண்டு முறை அடித்தேன், இரண்டு முறை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.]

5

எட்டு மாதத்துக்கு முன் நடந்தது இது. உச்சியிலிருந்து அக்கா காலித் தட்டுகள் ஏற்றிய டிரெய்லரோடு வண்டியில் இறங்கி வந்தாள். வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினாள். லிவர் ஹேண்டிலோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நேராகத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் போய் மோதியது. வலது மணிக்கட்டு முறிந்தது.*

* பின் பிரேக் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. பின்னால் டிரெய்லர் தள்ளுகிற இறக்கத்தில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் போனாலும் ஒன்றுதான்.

தம்பி ஓடி வந்தான். அக்காவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, வண்டியின் லிவரைப் பட்டென்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். கெட்டியாக இருந்தது.

"பிரேக் நல்லாத்தானே இருக்கு? நீ பிடிச்சிருக்க மாட்டக்கா."

"பிடிச்சேண்டா."

"பயத்துல கை மறந்துடும். பிடிச்ச மாதிரியே இருக்கும், பிடிச்சிருக்க மாட்ட."

முதல் மாதம் அவள் மறுத்தாள். இரண்டாம் மாதம் மறுப்பது குறைந்தது. மூன்றாம் மாதம் அவளாகவே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தாள்: "நான்தாங்க பிடிக்காம விட்டுட்டேன். கை மறந்துடுச்சு." தன் கையையே நம்பாமல் போய்விட்டாள். சூடான பாத்திரத்தை இறக்கும்போதுகூடத் தம்பியைக் கூப்பிட்டாள். போன வாரம் சொல்லிவிட்டாள்: "ஒண்ணாம் தேதியிலேர்ந்து நான் பூக்கடை வேலைக்குப் போறேன். இங்க வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஒரு ஆளைப் போட்டுக்கோ." அந்தப் பண்ணையை ஆரம்பித்ததே அவள்தான்.

தம்பியை என்ன செய்வது என்றுதான் எனக்குக் குழப்பம். முதல் படியில் அவனைக் கல்நெஞ்சக்காரனாக எழுதினேன். ‘அக்காவின் வலியைக் கண்டும் காணாதவனாய் அவன் —’ சரிப்படவில்லை. போனில் கேட்ட குரல் அப்படிப்பட்டவனுடையது இல்லை. அதனால் இப்படி மாற்றினேன்: அக்காவின் கை மாவுக்கட்டில் இருந்த இரண்டு மாதமும் தம்பிதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டான். எங்கே கற்றுக்கொண்டானோ, பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். "என்னடா இது, கேள்விக்குறி மாதிரி இருக்கு," என்று அக்கா கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாள். பின்னிக்கொண்டே அவன் சொல்வான்: "அடுத்த தடவை பயப்படாமப் பிடி, என்ன?"

பாசத்தில் குறையில்லை. பழியிலும் குறையில்லை. இரண்டும் ஒரே கையால்.

6

பத்து முறை ஆயிற்று. பதினைந்து முறை ஆயிற்று. நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழே வரவில்லை; தெளிந்த ஆயில்தான் வந்தது. அதைப் பிடிக்கிற பாட்டில் பாதி நிறைந்தும், லிவர் முதல் அழுத்தத்தில் தளர்ந்தே இருந்தது.

"இன்னும் கொழகொழன்னுதான் இருக்குடா," என்றாள் அக்கா.

"ரெண்டாவது தடவை அழுத்து. கெட்டியாயிடும்."

அக்கா அழுத்தினாள். கெட்டியானது. "எப்பவுமே ரெண்டு தடவை அழுத்தணுமா?"

"ஆமா. இந்த வண்டி அப்படித்..."

தம்பி பாதியில் நிறுத்தினான். வண்டி புதிதாக இருந்தபோது அப்படி இல்லை. எப்போதிருந்து அவன் இரண்டு தடவை அழுத்துகிறான்? விபத்துக்குப் பத்து நாள் முன்பு, முன்சக்கரக் கேலிப்பர்கள் இரண்டையும் கழற்றி ரப்பர் சீல் மாற்றினானே, அதிலிருந்து. தனியாகச் செய்த வேலை. இடது கேலிப்பர் வலதிலும் போல்ட் சரியாகச் சேரும். வலது இடதிலும் சேரும். முதல் நாள் லிவர் கொஞ்சம் தளர்வாக இருந்தது. இரண்டு தடவை அழுத்தினால் சரியாகிவிட்டது. மூன்று நாளில் கை பழகிவிட்டது. பழகியதை அக்காவிடம் சொல்லவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. அவள் ஒரே தடவைதான் அழுத்தினாள். எல்லோரும் அழுத்துவதுபோல.

ஸ்பேனரைக் கீழே வைத்தான். புத்தகத்தை எடுத்தான். பக்கம் நாற்பத்தொன்று. படத்தில் நிப்பிள் மேலே இருந்தது. குனிந்து வண்டியைப் பார்த்தான். கீழே இருந்தது; இடதையும் வலதையும் மாற்றி மாட்டினால்தான் அப்படித் தலைகீழாக வரும். காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும். அடியில் திறந்து எத்தனை நாள் ஆயில் பிடித்தாலும் அது வெளியே வரப்போவதில்லை.

"பிடிச்சிக்கோக்கா. ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்."

7

சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது.

பக்கம் நாற்பத்தொன்றில் அந்த வரி இருந்தது. நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் நாள் காலையில் அந்தப் பக்கத்துக்குப் படம் வந்தது. படத்தை வைத்ததும் ஒரே ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. அடுத்த பக்கம் வேறு அத்தியாயம். ஒரு வரியை வெட்டவேண்டும். இரண்டு வரிகளில் ஒன்று என்று வந்து நின்றேன். ஒன்று, பிரேக் ஆயில் பெயின்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்பது. இன்னொன்று, நிப்பிள் மேல்பக்கம் இருக்கவேண்டும் என்பது.

பெயின்டை வைத்துக்கொண்டேன்.

காரணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயின்ட் போனால் வாடிக்கையாளர் புகார் எழுதுவார். நிப்பிள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

எட்டு மாதப் பழியை ஒருவன் என் காதில் இறக்கி வைத்தபோதும் நான் சொன்னது அதேதான்: "அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேங்க. படம்கூட இருக்கே."

பாவி, அந்த நேரத்தில் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா? ‘தப்பு எங்க பேர்லயும் இருக்கு தம்பி’ என்றாவது சொல்லியிருக்கலாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அக்காவிடம் போயிருப்பான். அவனைத் தனியாக அனுப்பிவிட்டேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். அவனைக் கல்நெஞ்சக்காரனாக முதல் படியில் எழுதியதும் அதனால்தான் என்று இப்போது படுகிறது. அவன் எவ்வளவு கெட்டவனாகிறானோ அவ்வளவு எனக்கு லாபம்.

8

முடிவுகள் தயாராக இருக்கின்றன.

(அ) தம்பி திரும்பி வந்து, "ஒண்ணுமில்லக்கா, நீ போ" என்று அனுப்பிவிட்டு, கேலிப்பர்களை ரகசியமாக மாற்றி மாட்டுகிறான். லிவர் முதல் அழுத்தத்திலேயே கல் மாதிரி நிற்கிறது. வண்டி சரியாகிவிட்டது. அக்கா ஒண்ணாம் தேதி பூக்கடைக்குப் போகிறாள். இதை எழுதும்போது எனக்குக் கையே ஓடவில்லை.

(ஆ) தம்பி சொல்லிவிடுகிறான். அக்கா அழுகிறாள், அவனும் அழுகிறான், இருவரும் வண்டியில் ஏறி உச்சிக்குப் போகிறார்கள், அங்கே சூரியன் — போதும் போதும். எட்டு மாதம் அவ்வளவு சுலபமாகவா கரையும்?

(இ) அக்காவுக்கே புரிந்துவிடுகிறது. "எப்பவுமே ரெண்டு தடவை அழுத்தணுமா?" என்று கேட்டபோதே அவளுக்குப் பொறிதட்டியிருக்கவேண்டும். அவன் வாயால் வரட்டும் என்று லிவரை விடாமல் பிடித்தபடி காத்திருக்கிறாள். இது எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் பிடித்திருக்கிறது என்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. நான் செய்யவேண்டிய வேலையை அவள் தலையில் கட்டுகிறேன்.

மூன்றையும் கசக்கிப் போட்டேன்.

9

ஆபீஸ் போனில் ஒரு சின்னத் திரை உண்டு. வந்த எண்களை அது வைத்திருக்கும். எனக்கு இவ்வளவு குறைவாகவே போன் வருவதால் அந்தச் செவ்வாய்க்கிழமை எண் இன்னும் மேலேயே நின்றது. நான் கதை எழுதிக்கொண்டிருந்த பதினொரு நாளும் அது அங்கேயேதான் இருந்தது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

இன்று காலை அழைத்தேன். தம்பியிடம் பேசுவதாகத்தான் திட்டம். நாலாவது மணியில் எடுத்தது பெண் குரல், அன்றைக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே குரல்.

"யாருங்க?"

"தம்பி இருக்காருங்களா?"

"வண்டி எடுத்துட்டு மேல போயிருக்கான். போனை இங்கயே வச்சிட்டுப் போயிட்டான். நீங்க யாரு?"

பின்னால் ஒரு மாடு கத்தியது. இன்னொன்று பதில் கொடுத்தது. நாற்றுப்பண்ணையாம், நிழல்வலையாம்! என் கதையில் எது எது இன்னும் பொய்யோ.

வைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். அவன் சொல்லிவிட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவன் சொல்லவேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்வது முறையா? ஆனால் என் பங்கு என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்ல யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

"உங்க வண்டியோட புத்தகம் எழுதினது நான்தாங்க," என்றேன். "பிரேக் பத்தின பக்கத்துல ஒரு வரி விட்டுப்போச்சு. தானா விட்டுப்போகல. நான்தான் வெட்டினேன். தப்பு என்னோடது."

மாடுகள் இரண்டும் ஓய்ந்திருந்தன.

"எந்த வரி?" என்று கேட்டார்.

தெரிந்துகொண்டு கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, குரலில் பிடிபடவில்லை. பழைய கையெழுத்துப் படியை மேசையில் விரித்தே வைத்திருந்தேன். அந்த வரியையும் அதோடு சேர்ந்து போன விளக்கத்தையும் மெதுவாகப் படித்தேன்:

‘கேலிப்பரை மாட்டியபின் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும். கீழ்பக்கம் இருந்தால் இடதும் வலதும் மாறியுள்ளன. உள்ளே காற்று நிற்கும். ஓட்டுபவர் எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் பிரேக் பிடிக்காது.’

"இன்னொரு தடவை படிங்க," என்றார். படித்தேன். "கடைசில சொன்னீங்களே, அதை மட்டும்," என்றார். அதையும் படித்தேன்.

அதன்பிறகு அவர் பேசினார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எட்டு மாதம் அந்தப் பழியைச் சுமந்தவர் அவர். அவர் வாயில் வார்த்தை வைக்கும் தகுதி பெயின்டைக் காப்பாற்றிய எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பக்கத்துக்கு வழிந்தால் வழியட்டும், ஒரு வரியையும் வெட்டாதீர்கள்.

.......................................................

.......................................................

.......................................................